மடக்குக் கத்தி மக்கர் பண்ணுகிறதா? புகாரை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கனமான வேலைக்கென்று வாங்கிய மடக்குக் கத்தி சரியாக வெட்டவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது ஸ்டீல்தான். உண்மையில் கோளாறு ஸ்டீலில் இருப்பது அபூர்வம். வெட்டுவாய்க்குப் பின்னால் உள்ள அரை மில்லிமீட்டரில் இருக்கும், இல்லாவிட்டால் அலகு சுழலும் பிவட்டில் இருக்கும். இரண்டையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அதனால் கல்லை எடுப்பதற்கு முன்பு, புதுக் கத்திக்குக் காசு ஒதுக்குவதற்கு முன்பு, இருக்கிற கத்தி என்னதான் செய்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு டார்ச், ஒரு மார்க்கர் பேனா, சொரசொரப்பாக ஒன்றும் நைஸாக ஒன்றும் என இரண்டு கல், தோல் வார் ஒன்று, பிவட் திருகுக்குப் பொருந்தும் டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவ) ஸ்க்ரூடிரைவர். பெரும்பாலான கத்திகளில் அது டி6 அல்லது டி8 ஆக இருக்கும்.

சில சொற்களை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்வோம். வெட்டுகிற கோடு வெட்டுவாய். அதற்கு இருபுறமும் கல்லால் உண்டாக்கப்பட்ட குறுகிய பட்டை சரிவு. அந்தப் பட்டை முடிந்து அலகின் பக்கம் தொடங்கும் இடம் தோள். தீட்டும்போது வெட்டுவாயிலிருந்து மறுபக்கம் வழிந்து நிற்கும் மெல்லிய உலோக இழை பிசிர்.

முதலில் டார்ச்

அறையின் விளக்கை அணைத்துவிட்டு, கத்தியின் வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, டார்ச் ஒளியை நேராக அதன்மேல் விழவிடுங்கள். கூரான வாய்க்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அகலம் கிடையாது. அது கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளையாக மின்னும்.

கோடு முழுநீளத்துக்கும் மின்னினால் கத்தி வெறுமனே மொக்கையாகியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. அங்கங்கே புள்ளி புள்ளியாக மின்னினால் பல் விழுந்திருக்கிறது அல்லது வாய் மடிந்திருக்கிறது. நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாமல், ஒரு பக்கமாகச் சாய்க்கும்போது மட்டும் மெல்லிய கோடு பளிச்சிட்டால் அது பிசிர். முனையிலோ பிடியை ஒட்டிய அடியிலோ மட்டும் மின்னினால் நீங்கள் தீட்டும் விதத்தில் கோளாறு. எதுவுமே மின்னவில்லை, ஆனாலும் கத்தி வெட்டவில்லை என்றால் வாய் நன்றாக இருக்கிறது, அதற்கு மேலே உள்ள தடிமன்தான் குற்றவாளி. எந்தப் புகாருக்குப் போவது என்பதை இந்த ஒரு நிமிடச் சோதனையே சொல்லிவிடும்.

“தீட்டிக்கொண்டே இருக்கிறேன், கூர் வரவே மாட்டேன் என்கிறது”

பத்தில் ஒன்பது முறை கல் வெட்டுவாயைத் தொடவே இல்லை. தோளைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சரிவு பளபளப்பாகத் தெரியும், கையில் கரி படியும், வேலை நடப்பது போலவே இருக்கும். கூர் மட்டும் வராது.

மார்க்கரால் இரண்டு பக்கச் சரிவையும் முழுக்கக் கறுப்பாக்குங்கள். கல்லில் மெதுவாக இரண்டே இழுப்பு. எடுத்துப் பாருங்கள். தோள்பக்கம் மை போய், வாய்ப்பக்கம் கறுப்பு மிச்சம் இருந்தால் கோணம் குறைவு. முதுகைக் கொஞ்சம் உயர்த்துங்கள். வாயின் ஓரத்தில் மட்டும் மை போயிருந்தால் கோணம் அதிகம். சரிவு முழுக்க ஒரே சீராக மை அழிந்தால் ஏற்கெனவே உள்ள கோணத்தைப் பிடித்துவிட்டீர்கள். மையைத் திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டே போங்கள். கை பழகிய பிறகும் இதை நான் விடுவதில்லை.

கோணத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கஷ்டம், உயரத்தை மதிப்பிடுவது சுலபம். அலகின் அகலம், அதாவது முதுகிலிருந்து வாய்வரை, 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி வேண்டுமானால் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர் உயர வேண்டும். 20 டிகிரிக்கு 10.3 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி முதுகுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் கை எங்கே நிற்க வேண்டும் என்பது பிடிபட்டுவிடும். பிறகு நாணயத்தை எடுத்துவிட்டு, அந்த நிலையை மணிக்கட்டில் பூட்டிக்கொண்டு தீட்ட வேண்டியதுதான்.

கோணம் சரி, மை சரியாக அழிகிறது, ஆனாலும் மணிக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லையா? அப்போது கல்லைச் சந்தேகப்படுங்கள். முதலில் கல் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிக் கறுத்திருந்தால் அதன் துளைகளில் இரும்புத்தூள் நிரம்பிவிட்டது. தேய்த்துக் கழுவி, தட்டையான கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து அதில் கல்லை உரசி மேற்பரப்பைப் புதுப்பியுங்கள். நடுவில் குழி விழுந்த கல்லையும் இப்படியே சமன் செய்யலாம். தண்ணீர்க் கல்லில் எண்ணெய் விட்டு வைக்காதீர்கள், அந்தக் கல் பிறகு திரும்பி வராது.

அடுத்தது, கல்லும் ஸ்டீலும் பொருந்துகிறதா என்பது. எஸ்30வி, எம்390 போன்ற ஸ்டீல்களில் சுமார் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. அது கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் வனேடியம் கார்பைடு துகள், சாதாரணக் கற்களில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. கல் துகளைச் சுற்றியுள்ள இரும்பைத் தேய்க்கும், துகளைத் தேய்க்காது. இத்தகைய கத்திக்கு டைமண்ட் ப்ளேட்டைத் தவிர வேறொன்றில் நேரத்தைச் செலவழிப்பது வீண். 420எச்சி, ஏயுஎஸ்-8, 14சி28என் போன்றவற்றுக்கு எந்தக் கல்லும் போதும்.

டைமண்ட் ப்ளேட்டை அழுத்தித் தேய்க்காதீர்கள். நிக்கலில் பதிந்திருக்கும் வைரத்துகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கத்தியின் எடையோடு ஒரு விரலின் எடை சேர்ந்தால் போதுமானது.

கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் கிரிட் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு நிறுவனத்தின் 600-ம் இன்னொன்றின் 600-ம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஜப்பானிய அளவுமுறையில் 1000 என்றால் துகளின் அளவு சுமார் 14, 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டைமண்ட் ப்ளேட்டில் வழக்கமாக 600 மெஷ் என்றால் சுமார் 25 மைக்ரான், 1200 மெஷ் என்றால் சுமார் 9 மைக்ரான். மைக்ரான் கணக்கு போட்டிருந்தால் அதைப் பாருங்கள், குழப்பமே வராது.

“கை ரோமத்தை வழிக்கிறது, நாலு அட்டைப்பெட்டி கிழிப்பதற்குள் செத்துவிடுகிறது”

எனக்குத் தெரிந்து அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். ஸ்டீலைக் குறை சொல்லிப் புதுக் கத்தி வாங்க வைப்பதும் இதுதான். காரணம் பிசிர்.

ஒரு பக்கத்தைத் தீட்டும்போது, கல் வெட்டுவாயைத் தொட்டதும் அங்கிருக்கும் உலோகம் முழுவதும் தூளாக உதிர்ந்துவிடாது. கொஞ்சம் மறுபக்கம் வழிந்து நிற்கும். இது நல்ல சகுனம். வாய்வரை வந்துவிட்டீர்கள் என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி இல்லை. ஆனால் வேலை முடியும்போது அது இருக்கக் கூடாது. பலர் அதைக் கழற்றாமல் தோல் வாரில் நாலு தேய்ப்பு தேய்த்து நிமிர்த்திவிடுகிறார்கள். நிமிர்ந்து நிற்கும் பிசிர் பிளேடு மாதிரி ரோமத்தை வழிக்கும், பேப்பரைச் சத்தமில்லாமல் கிழிக்கும். அட்டையில் பட்டதும் மடிந்து விழுந்துவிடும். நீங்கள் கூர் என்று நினைத்தது அந்த இழையை. அடியில் இருந்த உண்மையான வாய் இன்னும் கூராகவே ஆகவில்லை.

பிசிரைக் கண்டுபிடிக்க கட்டைவிரலை முதுகுப்பக்கத்திலிருந்து வாயை நோக்கிக் குறுக்காக வழித்து, வாயைத் தாண்டி வெளியே எடுங்கள். வாயின் நீளத்தில் விரலை ஓட்டவே கூடாது. ஒரு பக்கம் வழவழப்பாக இருந்து மறுபக்கம் நகத்தில் ஏதோ தட்டினால், தட்டுகிற பக்கத்தில் பிசிர் நிற்கிறது. மிக மெல்லிய பிசிர் விரலுக்குத் தெரியாது, பஞ்சுக்குத் தெரியும். ஒரு துணுக்குப் பஞ்சை இதே திசையில் வழித்தால் இழை மாட்டிக்கொள்ளும்.

இனி வரிசை. சொரசொரப்பான கல்லில் ஒரே பக்கத்தைத் தீட்டுங்கள், அடியிலிருந்து முனைவரை மறுபக்கத்தில் பிசிர் தட்டும்வரை. பாதி நீளத்தில் தட்டுகிறது, மீதியில் இல்லை என்றால் இன்னும் முடியவில்லை. முழுநீளமும் வந்த பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். இரண்டாவது பக்கத்திலும் அப்படியே. இதுவரை பக்கத்துக்கு இத்தனை தடவை என்ற எண்ணிக்கைக்கு இடமே இல்லை. பிசிர் வந்ததா, வரவில்லையா என்பது மட்டுமே கணக்கு.

இப்போது அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு. பிசிர் சிறிதாகும். பிறகு இன்னும் குறைத்து, ஒரு இழுப்பு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என மாற்றி மாற்றி, வாய் முன்னால் போகும்படி, கல்லின் மேல்தோலைச் சீவி எடுப்பது மாதிரி நகர்த்துங்கள். வாய் பின்னால் வரும்படி இழுத்தால் பிசிர் நீளும், கழலாது. கடைசியாக முதுகை இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக உயர்த்தி, கத்தியின் எடைகூட முழுதாக விழாத அளவுக்கு லேசாகப் பக்கத்துக்கு இரண்டு மூன்று. அந்தக் கோணத்தில் கல் பிசிரின் வேரை நேராகத் தொடுகிறது. டார்ச்சில் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்த்தாலும் மின்னக் கூடாது. அதன் பிறகுதான் நைஸ் கல்லுக்கோ தோல் வாருக்கோ போக வேண்டும்.

தோல் வாரில் பச்சைநிறக் குரோமியம் ஆக்சைடு பேஸ்ட் தேய்த்து, வாய் பின்னால் வரும் திசையில், மென்மையாக. இழுப்பு முடியும் இடத்தில் கையைத் திருப்பித் தூக்கும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. அந்த ஒரு திருப்பலில் வாய் உருண்டுவிடும். கத்தியை நிறுத்தி, நேராக மேலே எடுங்கள்.

மென்மையான ஸ்டீலில் பிசிர் பிடிவாதமாக இருக்கும், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரண்டுகொண்டே இருக்கும். ராக்வெல் என்ற கடின அளவில் 56 சுற்றிலும் உள்ள கத்திகளில் இது சகஜம். கடினம் 60-க்கு மேல் போனால் பிசிர் சட்டென்று ஒடிந்து விழும். மலிவான கத்தியில் தீட்டப் பழகியவர்கள் நல்ல கத்திக்கு வந்ததும் “இது தானாகவே கூராகிறதே” என்று ஆச்சரியப்படுவது இதனால்தான்.

“கூர் இருக்கிறது, ஆனால் பாதி வெட்டில் இறுகி நின்றுவிடுகிறது”

டார்ச்சில் ஒன்றும் மின்னவில்லை, பேப்பர் அழகாக வெட்டுகிறது, தடித்த அட்டையில் மட்டும் கத்தி உள்ளே போய் இறுகிக்கொள்கிறது. இங்கே கத்தி ஆப்பாக வேலை செய்கிறது. எத்தனை முறை தீட்டினாலும் தீராது.

கனரகக் கத்தி என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றில் அலகு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கும், அலகின் பக்கம் மெலியத் தொடங்குவதும் பாதியில்தான். பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும். வெட்டும்போது அந்தத் தடிமன் முழுவதையும் நீங்கள்தான் தள்ள வேண்டும். முதுகின் தடிமனைவிட, தோள் இருக்கும் இடத்தில் எவ்வளவு தடிமன் என்பதே வெட்டைத் தீர்மானிக்கிறது. அங்கே அரை மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் கத்தி சுகமாக இறங்கும். ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் அது பிளக்கத்தான் லாயக்கு.

தடிமனை அளக்க வெர்னியர் அளவி இல்லாவிட்டால் சரிவுப் பட்டையின் அகலத்தைப் பாருங்கள். பக்கத்துக்கு 20 டிகிரியில் தீட்டிய கத்தியில் தோள் தடிமன் 0.5 மில்லிமீட்டர் என்றால் பட்டை ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். தடிமன் 1 மில்லிமீட்டர் என்றால் பட்டை 1.5 மில்லிமீட்டரை எட்டும். கடையில் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே இதைக் கவனிக்க முடியும். வருடக்கணக்கில் தீட்டிய கத்தியில் பட்டை தானாகவே அகலமாகிக்கொண்டு போகும், ஏனென்றால் வாய் மெல்ல மெல்லத் தடிமனான இடத்தை நோக்கி ஏறுகிறது. “முன்பு நன்றாக வெட்டியது, இப்போது கூர் இருந்தும் வெட்டவில்லை” என்பவர்களின் கதை இதுதான்.

தீர்வு, சரிவை மெலிதாக்குவது. 300 மெஷ் அளவுக்குச் சொரசொரப்பான டைமண்ட் ப்ளேட்டில் பக்கத்துக்கு 15 டிகிரியில் வைத்து, பழைய தோள் கரைந்து புதிய பட்டை வாயைத் தொடும்வரை தேய்க்க வேண்டும். பொறுமை வேண்டும், ஒரே மூச்சில் முடிக்க அவசியமில்லை. பிறகு 20 டிகிரியில் லேசாகப் பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு கொடுத்து ஒரு மெல்லிய இரண்டாம் சரிவு வையுங்கள். வெட்டுக்கு மெலிவு, வாய்க்குத் தெம்பு, இரண்டும் கிடைக்கும். அடுத்த பல முறைகளுக்கு அந்தச் சிறு சரிவை மட்டும் தொட்டால் போதும்.

ஓப்பினெல் எட்டாம் எண் கத்தியின் அலகு 2 மில்லிமீட்டர்கூடத் தடிமன் கிடையாது. பக் 110 என்ற மடக்குக் கத்தியில் 420எச்சி என்ற சாதாரண ஸ்டீல்தான், ஆனால் பக்கங்கள் உட்குழிவாகக் கடையப்பட்டவை. விலையுயர்ந்த ஸ்டீலில் செய்த கனத்த கத்திகள் பலவற்றை இவை இரண்டும் அட்டை வெட்டுவதில் தோற்கடிக்கும்.

“பேப்பரில் பிரமாதம், கயிற்றில் வழுக்குகிறது”

மினுமினுப்பு அதிகமாகிவிட்டது. நைஸ் கல்லில் நீண்ட நேரம் மெருகேற்றிய வாய் அழுத்தி வெட்டுவதற்கு நல்லது. கயிறு, நார், தக்காளித் தோல் போன்றவற்றில் இழுத்து வெட்டும்போது பிடிப்பு வேண்டும். 25 மைக்ரான் அளவிலான ப்ளேட்டோடு நிறுத்தி, பிசிரை நன்றாகக் கழற்றி, வாரில் பக்கத்துக்கு இரண்டு மூன்று இழுப்போடு விட்டுவிடுங்கள். அன்றாடக் கத்திக்கு 400-லிருந்து 1000 கிரிட் வரைக்குள் நிறுத்துவதே என் விருப்பம். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் சரிவு போட்டோவுக்கு அழகு.

“வாயில் பல் விழுந்திருக்கிறது”

முதலில் அது உண்மையிலேயே பல்லா, மடிப்பா என்று பாருங்கள். பல் என்றால் துணுக்கு உடைந்து போயிருக்கும், ஓரம் சொரசொரவென்று பள்ளமாகத் தெரியும். மடிப்பு என்றால் உலோகம் அங்கேயே இருக்கும், ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நகத்தை ஓட்டினால் அந்தப் பக்கம் மட்டும் தட்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

வாய் மடிந்தால் ஸ்டீல் அந்த வேலைக்கு மென்மை, அல்லது கோணம் மிகக் குறைவு. தோல் வாரில் ஓரளவு நிமிரும், ஆனால் ஒருமுறை மடிந்து நிமிர்ந்த இடம் சோர்ந்த உலோகம். கல்லில் வைத்து அதை எடுத்துவிட்டு, கோணத்தை இரண்டு டிகிரி கூட்டுங்கள்.

பல் விழுந்தால் பெரும்பாலும் கத்தி பக்கவாட்டில் முறுக்கப்பட்டிருக்கிறது: ஸ்டேப்பிள் பின், கம்பி, எலும்பு, அல்லது மரத்தில் குத்திவிட்டுத் திருகியது. கடினம் 61, 62 உள்ள அலகும், பெரிய கார்பைடு கட்டிகள் நிறைந்த டி2 ஸ்டீலும் இந்த முறுக்கைத் தாங்காது. சிறிய பற்களைத் துரத்தித் துரத்தித் தேய்க்க வேண்டாம். இரண்டு மூன்று முறை வழக்கமாகத் தீட்டுவதிலேயே அவை மறைந்துவிடும். பெரிய பல் என்றால் சொரசொரப்பான கல்லில் வாயைச் செங்குத்தாக வைத்து, பல்லின் அடிமட்டம்வரை நேராகத் தேய்த்துவிட்டு, புதிதாகச் சரிவு போடுவதுதான் நேர்வழி. மனசு வராது, ஆனாலும் அதுதான் சீக்கிரம் முடியும்.

பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கத்தி முதல் வாரத்திலேயே பல் உதிர்த்தால் உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஆலையில் பெல்ட்டில் வேகமாகத் தீட்டும்போது வாயின் நுனி சூடேறியிருக்கக்கூடும். கல்லில் இரண்டு முறை தீட்டி அந்த நுனியைக் கழித்த பிறகு கத்தி திருந்துகிறதா என்று பாருங்கள். அப்போதும் உதிர்ந்தால் அது கத்தியின் கோளாறுதான்.

“மெஷினில் சாணை பிடித்ததிலிருந்து கூர் நிற்பதே இல்லை”

பதம் போயிருக்கிறது. கார்பன் ஸ்டீல் கத்தியைக் கடினப்படுத்திய பின் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் பதப்படுத்துவார்கள். அதற்கு மேல் சூடேறினால் அந்த இடம் மென்மையாகிவிடும். நீலநிறம் தெரிந்தால் அங்கே சூடு 300 டிகிரி பக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம். அலகைத் தொட்டால் சுடவில்லை என்று சொல்வதில் பயனில்லை; வாயின் நுனி தாள் அளவு மெல்லியது, ஒரு கணத்தில் சூடேறி அடுத்த கணத்தில் ஆறிவிடும்.

நீலம் ஏறிய பகுதி மெல்லியதாக இருந்தால் கையால் கல்லில் தேய்த்து அதைத் தாண்டிப் போய்விடுங்கள். ஆழமாக இருந்தால் அலகைக் கைவிட வேண்டியதுதான். V வடிவக் கார்பைடு இடுக்கில் கத்தியை இழுத்துக் கூராக்கும் சின்னக் கருவிகளும் எனக்குப் பிடிக்காது. சூடேற்றாது, ஆனால் வாயைச் சீவிப் பிய்த்து எடுக்கும், ஒரே கோணத்தைத்தான் தரும்.

முனையும் அடியும்

முனை மழுங்கியே இருந்தால், வளைவு தொடங்கும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்தாமல் விட்டிருப்பீர்கள். கல் முனையருகே வாயைத் தொட்டிருக்காது. முனை உருண்டிருந்தால், இழுப்பின் முடிவில் அது கல்லின் விளிம்பைத் தாண்டி விழுந்திருக்கிறது. முனை கல்லின் மேல் இருக்கும்போதே இழுப்பை நிறுத்துங்கள்.

முனை ஒடிந்திருந்தால் முதுகுப்பக்கத்திலிருந்து தேய்த்துப் புதிய முனை உண்டாக்குங்கள், வாய்ப்பக்கத்திலிருந்து அல்ல. மடக்குக் கத்திக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. வாய்ப்பக்கத்தைத் தேய்த்தால் புதிய முனை முதுகின் மட்டத்துக்கு ஏறிவிடும், மடக்கி வைத்தாலும் பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்று பாக்கெட்டில் கை விடும்போது குத்தும். முதுகைத் தேய்த்தால் முனை பிடிக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். அடிக்கடி தண்ணீரில் முக்கிக்கொள்ளுங்கள்.

பிடியை ஒட்டிய அரை அங்குலம் கூராகவே மாட்டேன் என்றால் அங்கே வாய் தொடங்கும் இடத்தில் சிறு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் இல்லாத கத்தியில் கல் அலகின் தடித்த அடிப்பாகத்தில் முட்டி நின்றுவிடும். கல்லின் விளிம்பையோ குறுகிய செராமிக் குச்சியையோ பயன்படுத்திச் சமாளிக்கலாம். அடுத்த கத்தி வாங்கும்போது அந்தப் பள்ளம் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ரம்பப் பல் வைத்த அலகு என்றால் கூம்பு வடிவ டைமண்ட் குச்சி ஒன்றே வழி. குடைந்த பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு பல்லாக. தட்டைப் பக்கத்தில் பிசிரை எடுப்பதோடு சரி.

“துரு பிடிக்காத ஸ்டீல் என்றார்கள், புள்ளி விழுகிறது”

துரு பிடிக்கவே பிடிக்காத கத்தி ஸ்டீல் மிகச் சில. டி2-வில் 12 சதவீதம் அளவுக்குக் குரோமியம் இருந்தாலும் அதில் பெரும்பங்கு கார்பைடுகளுக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. மேற்பரப்பைக் காக்க மிச்சம் போதாது. வியர்வை உப்பும் பழச்சாறும் மோசமான எதிரிகள். கண்ணுக்குத் தெரியாத துரு வாயின் நுனியில்தான் முதலில் விழும், அதனால்தான் பெட்டியில் சும்மா கிடந்த கத்திகூட மழுங்கியிருக்கும்.

புள்ளிகளை எண்ணெயோடு நைஸ் உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள். ஈரமான வேலைக்குப் பிறகு வெந்நீரில் கழுவி, பிவட் பகுதியையும் முழுக்கக் காயவைத்து, ஒரு சொட்டு மினரல் ஆயில். சமையல் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும். கார்பன் ஸ்டீலில் படியும் சாம்பல் நிறம் துரு அல்ல, அதை விட்டுவிடுங்கள். சிவப்பு தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

“அலகு ஆடுகிறது”

எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி. கத்தியைத் திறந்து பூட்டி, அலகை இடவலமாக அசையுங்கள். ஆடினால் பிவட் திருகு தளர்ந்திருக்கிறது. எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள், மறுபடி எட்டில் ஒன்று. ஆட்டம் நிற்கும்போதே திறப்பதும் இறுகிவிட்டால் உள்ளே அழுக்கு இருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து, வாஷர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திருகு தானாகவே தளர்ந்துகொண்டிருந்தால் திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீலநிற திரெட்லாக்கர் ஒரு துளி, திருகின் மரையில் மட்டும். சிவப்பு வேண்டாம், சூடுகாட்டாமல் கழலாது. பிவட்டுக்குள் வழிந்தால் அலகே ஒட்டிக்கொள்ளும்.

மேலும் கீழுமாக ஆடினால் சங்கதி வேறு. திருகை எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்காது, ஏனென்றால் இது பூட்டுக்கும் அலகின் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. முதுகில் பூட்டு வைத்த பேக் லாக் கத்திகளில் மயிரிழை அளவு அசைவு சகஜம். பூட்டு விழும் பள்ளத்தில் தூசி அடைந்திருந்தாலும் அசையும், ஊசியால் சுத்தம் செய்து பாருங்கள். லைனர் லாக், ஃப்ரேம் லாக் வகைகளில் இது தெரிந்தால் அடுத்த பகுதியை விடாமல் படியுங்கள்.

மடக்கியிருக்கும்போது அலகு ஒரு பக்கப் பிடியை உரசிக்கொண்டு உட்கார்ந்தால், பிவட்டைச் சற்றுத் தளர்த்தி, அலகை எதிர்ப்பக்கம் லேசாகத் தள்ளிப் பிடித்தபடி மறுபடி இறுக்குங்கள். உரசாமல் வெறும் சாய்வாக மட்டும் இருந்தால் அதைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டியதில்லை.

“பூட்டு நழுவுகிறது”

இதில் விளையாட்டு வேண்டாம். பூட்டு விட்டால் அலகு மடங்குவது உங்கள் விரல்மேல்.

லைனர் லாக்கில் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு, அலகைத் திறந்ததும் பக்கவாட்டில் பாய்ந்து அதன் அடிப்பாகத்துக்குப் பின்னால் நின்றுகொள்கிறது. ஃப்ரேம் லாக்கில் பிடியின் ஒரு பக்கமே அந்த வேலையைச் செய்கிறது. திறந்து வைத்துப் பின்புறமாகப் பாருங்கள். தகடு அலகின் அடிப்பாகத்தில் கால்பங்கிலிருந்து பாதிவரை உள்ளே வந்திருந்தால் நல்லது. விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் நழுவும். முழுக்கக் கடந்து எதிர்ப்பக்கத்தை முட்டினால் தேய்ந்துவிட்டது.

சோதிக்கும் விதம்: விரல்கள் அலகு மடங்கும் பாதையில் இல்லாதபடி பிடியின் பக்கங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, முதுகை மேசை விளிம்பில் வைத்துச் சீராக அழுத்துங்கள். ஓங்கி அடிப்பது சோதனை அல்ல, நல்ல பூட்டையும் அது கெடுக்கும். அழுத்தத்தில் தகடு ஒரு இழை பின்வாங்கினாலும் அந்தக் கத்தியைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டு, முதலில் எண்ணெயும் அழுக்கும் படிந்திருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். துடைத்த பிறகும் நழுவினால் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். தகட்டை நீங்களே அரத்தால் ராவி சரிசெய்ய முயல வேண்டாம். அங்கே உள்ள சாய்வு மிக நுட்பமானது.

நேர்மாறான புகாரும் உண்டு: பூட்டு ஒட்டிக்கொண்டு விடுவதில்லை. டைட்டானியம் தகடும் ஸ்டீலும் உரசும் இடத்தில் இது வழக்கம். உரசும் முகத்தில் பென்சிலால் நாலு கோடு இழுத்தால் கிராஃபைட் வேலையை முடித்துவிடும்.

புதிதாகத்தான் வாங்கியாக வேண்டும் என்றால்

மேலே சொன்ன புகார்களைத் தலைகீழாகத் திருப்பினால் வாங்கும்போது பார்க்க வேண்டியது கிடைத்துவிடும். கனரகம் என்பது பிவட்டின் தடிமனிலும் பூட்டின் உறுதியிலும் பிடியின் பிடிமானத்திலும் இருக்க வேண்டும். முதுகில் 3லிருந்து 3.5 மில்லிமீட்டர், முதுகிலிருந்தே வாயை நோக்கி மெலிந்துகொண்டே வரும் தட்டையான பக்கங்கள், 8லிருந்து 9 சென்டிமீட்டர் நீள அலகு. அன்றாட வேலையில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். நெம்ப வேண்டிய வேலை இருக்கிறது என்றால் மடக்குக் கத்தியை விட்டுவிட்டு நெம்புகோலை எடுங்கள். எவ்வளவு தடித்த அலகானாலும் பிவட்டில்தான் உடையும்.

ஸ்டீலை உங்கள் வீட்டில் உள்ள கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் கல் மட்டும் இருந்தால் 14சி28என், ஏயுஎஸ்-8, 420எச்சி. டைமண்ட் ப்ளேட் இருந்து, மாதம் ஒருமுறைதான் தீட்ட நேரம் கிடைக்கும் என்றால் எஸ்30வி வகையறா. ஈரத்திலும் உப்பிலும் வேலை என்றால் டி2-வையும் கார்பன் ஸ்டீலையும் தவிர்த்துவிடுங்கள்.

பூட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி. பக் 110 1964-லிருந்து பேக் லாக்கோடு வருகிறது, மெதுவானது, நம்பகமானது. ஓப்பினெல்லின் சுழலும் வளையம் 1955-ல் வந்தது, அதைவிட எளிய பூட்டு இருக்க முடியாது, ஆனால் வளையத்தைத் திருப்ப மறந்தால் பூட்டே இல்லை. ஒரு கையால் திறந்து மூட வேண்டுமானால் லைனர், ஃப்ரேம் வகைகள் வசதி. கையுறை போட்டு வேலை செய்பவர்கள் கடையிலேயே கையுறையோடு திறந்து மூடிப் பார்ப்பது நல்லது. அலகின் நீளத்துக்கும் பூட்டுக்கும் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். வெளியே எடுத்துப் போகப் போகிறீர்கள் என்றால் அதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

கடைசியாகப் பிவட்டைத் திருப்பிப் பாருங்கள். டார்க்ஸ் திருகு என்றால் ஆட்டம் வந்தால் நீங்களே இறுக்கிக்கொள்ளலாம், கழற்றிக் கழுவலாம். மூன்று துளை, முக்கோணம் என்று அந்த நிறுவனத்தின் சொந்தத் திருகு என்றால் அதற்கான கருவியும் பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ரிவெட் அடித்த கத்தியில் பக்கவாட்டு ஆட்டம் வந்தால் ரிவெட்டின் தலையைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டி இறுக்க வேண்டியிருக்கும். அதிகமாகத் தட்டினால் அலகு அசையவே அசையாது, தளர்த்தவும் வழியில்லை.